வேலிக்கு அப்பால் காய்த்த ரம்புட்டான்

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்குச் சற்று முன்னதாக நான் குடையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போய்விடுவேன். வெயில் எறித்தாலும் குடை கையில் இருக்கும். கெலிஓயாச் சந்தி வரை நடந்து, கடையில் ஒரு பிளேன்டீ குடித்து, ஸ்டேஷன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பதினொரு மணிக்குத்தான் திரும்புவேன். நான் கோயிலுக்குப் போயிருப்பதாக அம்மா உனக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். கோயிலுமில்லை, குளமுமில்லை. நீ கனடாவிலிருந்து தொலைபேசி எடுக்கும் நேரம் அது. நமக்குள் அந்தப் பேச்சு நடந்த பிறகு, முதல் இரண்டு ஞாயிறும் நான்தான் தொலைபேசியை எடுத்தேன். இரண்டு தரமும் நீ ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். மூன்றாம் ஞாயிறு, தாயோடாவது நீ கதைக்கட்டும் என்று குடையை எடுத்தேன். அதற்கு இந்த ஆனியோடு மூன்று வருடமாகிறது. கடைக்காரர் இப்போது என்னைக் கண்டதுமே கேட்காமல் தேநீரை ஊற்றிவிடுகிறார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நீ சொன்னதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லுவாள். நான் பேப்பர் பார்க்கிறவன் மாதிரிக் கதிரையில் இருந்து கேட்பேன். அங்கே பனி பெய்ததா, உன் முதுகுவலி எப்படி, மருமகள் சுதா வேலை மாறிவிட்டாளா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். போன ஞாயிறு நான் செருப்பைக் கழற்ற முன்னமே அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். "பிள்ளை வாறானாம். ரெண்டு பேருமாய். வியாழக்கிழமை வந்து இறங்குவினமாம்" என்றாள். என் கால் செருப்புக்குள்ளேயே நின்றுவிட்டது. "கொழும்பில, வெள்ளவத்தையில என்ர தங்கச்சி வீட்டிலதான் நிப்பினமாம். என்னை அங்க வரட்டாம்." பிறகு குசினிக்குள் போய்ச் சட்டியைக் கழுவத் தொடங்கினாள். நான் கேட்காமலே அங்கிருந்து சத்தமாகச் சொன்னாள்: "உங்களைப்பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

சண்டை ஓய்ந்து, யாழ்ப்பாணத்துப் பாதையைத் திறந்ததிலிருந்து வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வந்து வந்து போகிறார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து நீயும் வருகிறாய். கொழும்பிலிருந்து இங்கே கண்டிப் பக்கம் வர ரயிலில் மூன்று மணித்தியாலம். அந்த மூன்று மணித்தியாலத்தை நீ கடக்கப் போவதில்லை என்பதை இந்த நாலு நாளாக நான் மென்றுகொண்டிருக்கிறேன், விழுங்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். முப்பத்தைந்து வருடம் தபால் கந்தோரில் ஊராரின் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவன், சொந்த மகனுக்கு எழுதியதைத் தபாலில் போடப் பயப்படுகிறேன். என் கையெழுத்தைக் கண்டதும் நீ உறையைக் கிழிக்காமலே வைத்துவிடுவாய். அம்மா கைப்பையில் கொண்டு வந்தால் அவளுடைய முகத்துக்காகவாவது வாசிப்பாய். அந்தளவுக்குக் கள்ளப்புத்தி இந்த வயதிலும் எனக்கு இருக்கிறது.

நான் எழுத வந்தது உன்னுடைய மரத்தைப் பற்றி. ஆனால் மரத்தைப் பற்றிச் சொல்வதென்றால் எழுபத்தேழிலிருந்துதான் தொடங்க வேண்டும். உனக்கு அப்போது ஏழு வயது. ஆவணி மாதம், பின்னேரம். தமிழர் வீடுகளை அடிக்க மெயின் ரோட்டில் லொறியில் ஆட்கள் வந்து இறங்கிய சத்தம் கேட்டு நானும் அம்மாவும் என்ன செய்வதென்று தெரியாமல் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். எந்தப் பயணத்துக்கு மடித்தோமோ தெரியாது. பக்கத்து வீட்டு ஹனீபா நானா வேலியால் எட்டிப் பார்த்து, "ஐயா, மடிச்சது போதும். புள்ளயத் தூக்கிட்டு இங்கால வாங்க" என்றார். ஹனீபா நானாவை உனக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இதைச் சுதாவும் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை, அவளுக்காகச் சொல்கிறேன். அவர் பழ வியாபாரி. ஊரில் உள்ள ரம்புட்டான், மங்குஸ்தான், துரியன் மரங்களைப் பூவிலேயே குத்தகைக்குப் பேசி, காய் பழுத்ததும் பறித்துக் கண்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். ஒரு மரத்தின் பூவைப் பார்த்தே அது எத்தனை கூடை தரும் என்று சொல்லிவிடுவார், பெரும்பாலும் பிழைக்காது. அந்தத் தொழில் ஞானம் இந்தக் கதைக்கு முக்கியம், மறந்துவிடாதே.

அவருடைய வீட்டுப் பின்புறத்தில் பழக்கூடைகள் வைக்கும் அறைக்குள் எங்களை விட்டுக் கதவைச் சாத்தினார். பழ வாசனை மூக்கை அடைத்தது. நீ ஒரு கூடைக்குள் கையை விட்டு, ஒரு ரம்புட்டானை எடுத்து, பல்லால் தோலைக் கடித்து உரித்து, வாயில் போட்டுக்கொண்டாய். அந்த நேரம் ஆட்களின் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. நீ கத்திவிடுவாய் என்று நினைத்து நான் உன் வாயைப் பொத்தினேன். வெளியே ஹனீபா நானா சிங்களத்தில் பகிடி விட்டுக்கொண்டு, வண்டியில் இருந்த கொத்துகளைப் பிய்த்து வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் தின்று தோலைத் துப்பிவிட்டு அடுத்த சந்திக்குப் போனார்கள். நான் கையை எடுத்தபோது உன் கன்னத்தில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன. நீ வாயிலிருந்த விதையை உள்ளங்கையில் துப்பினாய். அதில் ஒரு பொட்டுச் சதை இல்லை. என்னைப் பார்த்து, "அப்பா, நான் கத்தேல்லைத்தானே?" என்று கேட்டாய். கத்தத் தெரிந்தும் கத்தாத பிள்ளையின் வாயைப் பொத்தியவன் நான். அன்றைக்கு மட்டுமில்லை, பிறகும் பல தடவை பொத்தியிருக்கிறேன். நீ சங்கீதம் படிக்கக் கேட்டபோது பொத்தினேன். கணக்குக்குப் பதில் தாவரவியல் கேட்டபோதும் பொத்தினேன்.

அந்த விதையைத்தான் நீ வேலியோரம் ஊன்றினாய். முளைத்தது. எண்பத்து மூன்று ஆடியில் மறுபடி அதே வேலியால், அதே அறைக்கு ஓடினோம். அந்த முறை நீ அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாய், நான் பின்னால் வந்தேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கதவுகள் இல்லை, அலுமாரி இல்லை, உன்னுடைய மரத்தின் ஒரு பக்கம் கருகிப்போயிருந்தது. நான் அலுமாரி இருந்த இடத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன். நீ நேரே மரத்தடிக்குப் போய்ப் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தாய். "அப்பா, உள்ளுக்குப் பச்சை" என்று அங்கிருந்து கூப்பிட்டுச் சொன்னாய். அந்த வீட்டில் மீண்டும் குடியிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வந்தது அப்போதுதான். இதை உனக்கு நான் சொன்னதே இல்லை.

அடுத்த வருடம் அது பூத்தது. பச்சை நிறத்தில், பூ என்றே சொல்ல முடியாத சின்னச் சின்னப் பூக்கள், மரம் முழுக்கச் சிறு தேனீக்கள். நீ பள்ளிக்கூடச் சப்பாத்தோடு மரத்தடியில் நின்றாய். பூ எல்லாம் கொட்டியது, ஒரு பிஞ்சு பிடிக்கவில்லை. "முதல் பூ அப்படித்தான்" என்றேன். அடுத்த வருடமும் அப்படித்தான். அதற்கடுத்த வருடம் எரு வைத்தாய், சாம்பல் போட்டாய், யாரோ சொன்னார்கள் என்று அடிமரத்தில் ஆணி அடித்தாய். பூத்ததே தவிரக் காய்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஹனீபா நானாவின் மரமோ அந்த வருடங்களில் காய்த்துத் தள்ளியது. முன்பெல்லாம் ஒரு கூடை, இரண்டு கூடை தந்த மரம், கொப்பு முறியாமல் இருக்க முட்டுக் கொடுக்க வேண்டிய அளவுக்குக் காய்த்தது. எல்லாரும் அவருடைய கைராசி என்றோம். ஒவ்வொரு ஆடியிலும் முதல் பறிப்பில் முதல் கொத்தை வேலியால் நீட்டி, "இது மகன்ட பங்கு" என்பார். எங்கள் மரம் காய்க்காத மனக்குறைக்கு அவர் காட்டும் அன்பு என்று நாங்கள் நினைத்தோம். ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனித்தும் யோசிக்காமல் விட்டேன். ஊரில் உள்ள மரமெல்லாம் எத்தனை கூடை என்று சொல்லுகிற மனிதர், எங்கள் மரத்தை அண்ணாந்து பார்த்தால் மட்டும், "பூ நல்லா ஈக்கி" என்று பூவைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வார்.

தொண்ணூறில் உன்னைக் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் அடையாள அட்டையைப் பார்த்து, தமிழன் என்று பொலிசார் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள். நீ திரும்பி வந்து, நடந்தது என்ன என்று ஒன்றுமே சொல்லாமல் கிணற்றடியில் குளித்துக்கொண்டேயிருந்தாய். அந்த மாதமே உன்னை அனுப்புவதென்று முடிவெடுத்தேன். உன்னை நான் கேட்கவில்லை. போகிற அன்று காலை நீ மரத்தடிக்குப் போய் நின்றுவிட்டு வந்து, "காய்ச்சால் எழுதுங்கோ அப்பா, நான் எப்பிடியும் வந்திடுவன்" என்றாய். "வாற வருசம் காய்க்கும்" என்றேன். "போட்டு வாறன்" என்றாய். உன்னைக் கட்டிப்பிடிக்க நினைத்தேன், ஆனால் உன் சேர்ட் கொலரைச் சரிசெய்து விட்டேன். கொலர் சரியாகத்தான் இருந்தது. நீ அழப் பார்த்தபோது, "ஆம்பிளைப் பிள்ளை" என்று அதட்டினேன். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கொலரை நான் எத்தனை தரம் நினைத்தேன் என்று உனக்குச் சொன்னால் நம்ப மாட்டாய். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்திமதி ஒன்றே ஒன்றுதான்: யாரையும் வழியனுப்பும்போது உடுப்பைச் சரிசெய்துகொண்டு நிற்காதே.

இனி, எழுதக் கூசுகிற இடம். அப்போது உனக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். நீ தொலைபேசியில் சொன்னாய், டொக்டர்மார் எல்லாம் பார்த்துவிட்டார்கள், பிள்ளை கிடைக்காதாம், நாங்கள் இரண்டு பேரும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டோம் அப்பா என்று. எவ்வளவு யோசித்து, எத்தனை நாள் தயங்கி எனக்கு அதைச் சொல்லியிருப்பாய். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "உன்ர ரம்புட்டான் மரம் மாதிரித்தான் நீயும். பூ மட்டும்தான்" என்றேன். நீ வைத்துவிட்டாய். மற்றத் தொலைபேசியில் சுதாவும் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று அம்மா பிறகுதான் சொன்னாள். அந்த வசனத்தை அம்மா இன்றைக்கு வரை என்னிடம் திருப்பிச் சொன்னதில்லை. ஆனால் அப்போது ஒரு கிழமை முழுக்க எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

கேள் மகனே, இது உனக்குத் தெரியாது. மரம் இருக்கிறதா என்று நீ கேட்கும்போதெல்லாம் அம்மா "இருக்கு, இருக்கு" என்று சொன்னது பொய். நான் அதை வெட்டிவிட்டேன். நீ இரண்டாம் தரமும் பேசாமல் தொலைபேசியை வைத்தாயே, அதற்கு மறுநாள். ஜன்னலைத் திறந்தால் அதுதான் முன்னால் நிற்கும். அதைப் பார்க்கப் பார்க்க நான் சொன்ன சொல்தான் காதில் கேட்டது. சொன்ன வாயை வெட்ட முடியாதவன் மரத்தை வெட்டினேன். ஆள் பிடித்து, இடுப்பளவுக்கு விட்டு வெட்டுவித்தேன். மரத்தில் வாள் போட்டு அறுக்கும் சத்தம் கேட்டு ஹனீபா நானா வேலியடிக்கு ஓடி வந்தார். வாயைத் திறந்தார், மரம் சாய்ந்துவிட்டிருந்ததைக் கண்டு மூடிக்கொண்டார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. என் மரம், என் வளவு, இவருக்கு என்ன என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் பங்குனியில் அவருடைய மரம் வழமைபோலப் பூத்தது. ஆடியில் அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய காய்தான் இருந்தது. அதற்கடுத்த வருடம் அதுவுமில்லை. முதல் கொத்து வராத அந்த ஆடியில் நானே வேலியடிக்குப் போய், "என்ன நானா, மரத்துக்கு வயசு போட்டுதோ?" என்று கேட்டேன். "வயசில்ல ஐயா. உங்கட மரம் ஆண் மரம். அது காய்க்காது. அது பூத்தாத்தான் என்ட மரம் காய்க்கும். தேனீ இங்கேயும் அங்கேயும் போய் வாரது அதுக்குத்தான்" என்றார். நான், "இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று கத்தினேன். "சென்னா வெட்டிருவீங்க எண்டு பயந்தேன். எல்லாரும் காய்க்காத மரத்த வெட்டத்தானே பாக்குற. புள்ள ஆசையா வெச்ச மரம். எனக்கும் லாபமா இருந்திச்சு, பொய் சொல்ல மாட்டேன். அதான் ஒவ்வொரு வருஷமும் முதல் கொத்த மகன்ட பங்கு எண்டு தந்தேன். அது நான் தந்த பழமில்ல ஐயா, மகன்ட பழம்தான்." வேலியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அறுபத்தெட்டு வயதில், ஊர் ரோட்டில் போகிறவர்கள் பார்க்க. நீ வைத்த மரத்தின் பழத்தை ஆறு ஆடி நீயே வேலியோரம் நின்று தின்றிருக்கிறாய். அது தெரியாமல் ஒவ்வொரு கொத்துக்கும் உன்னை நன்றி சொல்ல வைத்தேன்.

இதிலிருந்து உனக்கும் சுதாவுக்கும் ஒரு பாடம் பிழிந்து தருவேன் என்று பயப்படாதே. உங்களை மரத்தோடு ஒப்பிட்டு நான் செய்த அநியாயம் ஒரு தரம் போதும், இனி நல்லதாகக்கூட ஒப்பிட மாட்டேன். நீங்கள் மரமில்லை, மனிதர்கள். எனக்கு ஒன்றும் தந்தாக வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. நான் சொன்னது பிழை. மன்னித்துக்கொள். சுதாவிடம் நான் நேரில்தான் கேட்க வேண்டும், கடிதத்தில் கேட்டால் அது தப்பித்துக்கொள்வது மாதிரி. அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்க விரும்பாவிட்டால் அதுவும் நியாயம்தான்.

ஹனீபா நானா அப்படிச் சொன்ன அன்று நான் நேரே அடிக்கட்டையிடம் போனேன். நீ எண்பத்து மூன்றில் செய்ததுபோல நகத்தால் கீறிப் பார்த்தேன். பக்கத்தில் இரண்டு துளிர், முழங்கை நீளத்துக்கு விட்டிருந்தது, நான்தான் இரண்டு வருடமாக அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஹனீபா நானா வந்து தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா காய்க்கிற சாதியில ஒரு மொட்டு எடுத்து இதுல ஒட்டினா மூணு வருஷத்துல உங்கட பக்கமே பழம் திங்கலாம், ஆள் ஈக்கி, கூட்டி வரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது எப்படி இருந்ததோ அப்படியே வளரட்டும் என்றேன். இந்தப் பங்குனியில் அந்தச் சின்னக் கிளைகள் பூத்தன. பூவைக் கண்டு அம்மா குசினியிலிருந்து ஓடி வந்து, "நான் பிள்ளைக்குச் சொன்னது பொய்யில்லைத்தானே இப்ப?" என்று என்னைக் கேட்டாள். மூன்று வருடத்தில் அவள் என்னோடு சிரித்தது அன்றைக்குத்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் இந்த வருடம் காய் பிடித்திருக்கிறது. பழைய மாதிரி இல்லை, ஒரு முப்பது கொத்து இருக்கும். இந்தக் கிழமை மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறுகிறது. நேற்று ஹனீபா நானா முதல் பறிப்புப் பறித்தார். எங்கள் பக்கம் சாய்ந்திருக்கும் கொப்பில் ஒரு பெரிய கொத்தை மட்டும் பறிக்காமல், வௌவால் தின்னாதபடி பழைய சாரத் துணியால் கட்டி விட்டிருக்கிறார். நீ கொழும்போடு திரும்பிவிடுவாய், அதையும் பறித்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். "நீங்க சும்மா ஈங்க ஐயா. அது உங்களுக்கில்லையே" என்றார். பழுத்த ரம்புட்டான் மரத்தில் அதிக நாள் நிற்காது, உனக்குத் தெரியும். ஆனால் அவரிடம் யார் பேசி வெல்வது.

அம்மா நாளைக் காலை ரயிலில் வருகிறாள். உனக்குப் பருத்தித்துறை வடையும், சுதாவுக்கு ஒரு சேலையும் கொண்டு வருகிறாள். சேலையை நான்தான் கண்டிக்குப் போய் எடுத்தேன், நிறம் பிடிக்காவிட்டால் அது என் பிழை. நீ ஒன்றும் இப்போதே முடிவெடுக்க வேண்டாம். வந்த களைப்பு ஆறட்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வழக்கம்போல உன் கை தொலைபேசிக்குப் போகலாம். அம்மா உன் பக்கத்திலேயே இருப்பாள், நீ அவளைக் கூப்பிடத் தேவையில்லை. ஆகவே அன்றைக்கு இந்த வீட்டில் மணி அடித்தால் அது எனக்குத்தான். பேச விருப்பமில்லாவிட்டால் பேசாதே, முன்போல வைத்துவிடு. நான் குடையை எடுக்க மாட்டேன்.

உன் அப்பா